பருத்தித்துறையில் ஒரு வருடம்: திருநாள்களில் எப்படிச் சேர்ந்துகொள்வது?

கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தாய். இரண்டு பிள்ளைகளோடு ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை பருத்தித்துறையில் மாமி வீட்டில் தங்கப் போகிறார். “ஊர்த் திருநாள்களை இதுவரை வீடியோவில்தான் பார்த்திருக்கிறோம். ஓரத்தில் நின்று படம் எடுக்கிற ஆக்களாக இல்லாமல் சேர்ந்து கொண்டாட விருப்பம். வருடத்தில் என்னென்ன வரும், எதற்குக் கட்டாயம் போகவேண்டும், எப்படிச் சேர்வது?” என்பது அவர் கேள்வி.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எல்லாத் திருவிழாவுக்கும் ஓடித்திரிய வேண்டாம். மாமி வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு கோயில், ஒரு சனசமூக நிலையம், இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்களில் கொண்டாட்டம் என்பது பங்குபோட்டுச் செய்கிற வேலை. சின்னக் கோயிலில் பத்து நாள் திருவிழா என்றால் பத்து நாளும் பத்துக் குடும்பத்தின் உபயம். சோடனைக்கு ஒரு கூட்டம், கிடாரம் ஏற்ற ஒரு கூட்டம், வாழையும் தோரணமும் கட்டப் பெடியள். சும்மா வந்து நிற்கிறவரை “வாங்கோ, இருங்கோ” என்று கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். கத்தியோடு வந்து மரக்கறி வெட்ட இருக்கிறவரைத்தான் அடுத்த நாளும் தேடுவார்கள்.

வரும் முன்னரே இரண்டு விஷயத்தை மாமியிடம் கேட்டு வையுங்கள். ஒன்று, பஞ்சாங்கம். யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. வருடப்பிறப்பு நேரம், விரத நாள்கள், சிலவேளை திருநாளே ஒன்றுக்கொன்று மாறும். உங்கள் கோயில் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் திகதி தேடுவதைவிடக் கோயில் வாசலில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ் நம்பத்தகுந்தது. மற்றது, துடக்கு. நெருங்கிய உறவில் சாவு நடந்திருந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயிலுக்குப் போவதில்லை. வருடத் திவசம் முடியும்வரை பொங்கல், தீபாவளி எதுவுமே கொண்டாடாத குடும்பங்களும் உண்டு. புதுச்சட்டை போட்டு நிற்கிற பிள்ளைக்கு “இந்த முறை எங்களுக்கு இல்லை” என்று கடைசி நேரத்தில் சொல்ல வேண்டி வந்தால் அது பெரிய ஏமாற்றம்.

சரி, நீங்கள் வந்து இறங்கிய கையோடு ஆடி பிறக்கும். ஜூலை 16 அல்லது 17. இதற்கு அரசாங்க விடுமுறை இல்லை, மேளம் இல்லை, கூட்டம் இல்லை. முழுக்க முழுக்க வீட்டுக் கொண்டாட்டம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பேன், ஏனென்றால் ஆடிக்கூழில் அவர்கள் கைக்கும் வேலை இருக்கிறது. பச்சையரிசியை ஊறவைத்து இடித்து அரித்த மா வேண்டும். கடை மாவில் செய்தால் அந்த வாசம் வராது. மாமி இடிக்க ஆயத்தமாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். தேங்காய் துருவிப் பால் பிழிந்து முதற்பாலை வேறாக எடுத்து வைப்பார்கள். இரண்டாம் பாலும் தண்ணீருமாகக் கொதிக்கவிட்டு, வறுத்துக் கோது நீக்கிய பயறு அதில் அவியும். மாவில் ஒரு பங்கைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்துச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கொதிக்கிற பாலில் போடுவார்கள். இது பிள்ளைகளின் வேலை. கையெல்லாம் மா ஒட்டும், உருண்டை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும், ஒருவரும் ஏச மாட்டார்கள். உருண்டை அவிந்து மேலே வந்த பிறகு மீதி மாவையும் பனங்கட்டியையும் முதற்பாலில் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவ வேண்டும். கடைசியில் மிளகு, சீரகம், ஏலக்காய்த் தூள், பல்லுப் பல்லாக வெட்டிய தேங்காய்ச்சொட்டு. பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதால் அள்ளிக் குடிப்பதுதான் பழைய முறை. இப்போது பல வீடுகளில் கரண்டி வந்துவிட்டது. உங்கள் வளவில் பலா நின்றால் இலையிலேயே குடிக்கக் கொடுங்கள். இனிப்பும் மிளகுக் காரமும் சேர்ந்த அந்த ருசியைப் பிள்ளைகள் எங்கே போனாலும் மறக்க மாட்டார்கள். கொழுக்கட்டையும் அவிப்பார்கள். இரண்டையும் ஏதனத்தில் போட்டு அயல் வீடுகளுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பிள்ளைகளையே அனுப்புங்கள். ஒழுங்கையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்து ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்களின் விரதம். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரைப் பூரணை. கீரிமலையில் கடலோரக் கேணியில் தீர்த்தமாடி, பிதிர்க்கடன் முடித்துத்தான் சாப்பாடு. மாவிட்டபுரம் கந்தசுவாமி தீர்த்தமாடுவதும் அன்றைக்கு அங்கேதான். போர்க்காலத்தில் சனம் பல வருடங்களாகப் போக முடியாமல் இருந்த இடம் கீரிமலை. வயதானவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கும்போது இரண்டு கையாலும் அள்ளித் தலையில் வார்ப்பதைப் பார்த்தால் அதன் பாரம் உங்களுக்கும் தெரியும். இது கொண்டாட்டம் இல்லை, கமராவை வெளியே எடுக்காதீர்கள். மத்தியானச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் பொரியல் இருக்கும். நல்ல கசப்பு. சந்தையில் அந்த நாள்களில்தான் குவியும்.

அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் நல்லூர் கந்தசுவாமி கோயிலில் கொடியேறும். 25 நாள் திருவிழா. 2024இல் ஓகஸ்ட் 9 கொடியேற்றம், 2025இல் ஜூலை 29. ஒவ்வொரு வருடமும் இப்படி முன்பின்னாக வரும். இப்போதைய கோயில் 1734இல் எழுந்தது. நேரம் தவறாத கோயில் என்று பெயர். குறித்த நேரத்துக்குச் சுவாமி வெளிக்கிட்டுவிடும், பிந்திப் போனால் முதுகைத்தான் பார்க்கலாம். அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் 1 ரூபாய். ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டி. பெண்பிள்ளைகளுக்குச் சேலையோ பாவாடை சட்டையோ. கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்து மணல் பரப்பியிருப்பார்கள். செருப்பைத் தடுப்புக்கு வெளியே விட்டுவிட்டு நடக்க வேண்டும்.

எந்த நாள் போவது? 24ஆம் நாள் தேருக்குத்தான் எல்லாரும் போகச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளோடு அந்த நெரிசலுக்குப் போகச் சொல்ல எனக்கு மனமில்லை. 10ஆம் நாள் மஞ்சத் திருவிழாவுக்குப் பின்னேரம் போங்கள், அல்லது கொடியேறி முதற்கிழமையில் ஒரு சாதாரண நாளில் போங்கள். சுவாமி கிட்டத்தில் தெரியும், மேளம் காதில் விழும், கச்சான் கடையில் நின்று கச்சான் வாங்கலாம், தும்பு முட்டாஸ் வாங்கலாம், ஐஸ்கிரீமும் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முன் வீடு திரும்பலாம். தேரைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் நல்லூருக்குக் கிட்ட உறவினர் வீட்டில் முதல் நாளே போய்ப் படுங்கள். விடியும் முன்னரே அங்கப்பிரதட்டை செய்கிற ஆண்களும் அடியழிக்கிற பெண்களும் காவடிகளுமாக வீதி நிறைந்துவிடும்.

பருத்தித்துறை இருக்கிற வடமராட்சிப் பகுதியில் இருந்துகொண்டு நல்லூரை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அது பெரிய குறை. ஆவணியில் தொண்டைமானாற்றங்கரையில் செல்வச்சந்நிதி இருக்கிறது. பூசகர்கள் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்கிற கோயில். அன்னதானக் கந்தன் என்றே பெயர். சுற்றி உள்ள மடங்களில் வருகிற எல்லாருக்கும் சோறு. மடம் ஒன்றில் முதல் நாள் இரவு மரக்கறி வெட்டப் போகலாமா என்று கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். மலைபோலக் குவித்த பூசணியையும் கத்தரிக்காயையும் சுற்றிப் பாயில் இருந்து வெட்டும்போது வருகிற ஊர்க்கதைகள் வேறெங்கும் கேட்கக் கிடைக்காது. உங்கள் பிள்ளைகள் தமிழ் கதைத்துப் பழக இதைவிடத் தோதான இடத்தை நான் காணவில்லை.

பிறகு புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார். உங்களுக்கு மிகக் கிட்ட. பூரணையன்று சுவாமி மணல்வெளி தாண்டிக் கடலுக்குப் போய்த் தீர்த்தமாடும். பின்னேரம் கடற்கரை முழுக்கச் சனம். அலைக்குள் இறங்குகிற பிள்ளைகளின் கையை விடாதீர்கள், வாடைக் காலம் தொடங்கப்போகிற கடல் அது.

இனி உங்கள் சொந்தக் கோயில். ஒழுங்கைக்குள் இருக்கிற பிள்ளையாரோ வைரவரோ அம்மனோ ஏதோ ஒன்று. இங்கே உபயம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு தொழிலாளர் கூட்டத்துக்கோ உரியது, பெரும்பாலும் தலைமுறையாக. அபிஷேகப் பொருள், சாத்துப்படி, மாலை, மேளம், சோடனை, பிரசாதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சங்கற்பத்தில் குடும்பத்தார் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்படும், முடிவில் காளாஞ்சி கொடுப்பார்கள். மாமி வீட்டுக்கு ஏற்கனவே ஒரு திருவிழா இருக்கக்கூடும், காசு மட்டும் அனுப்பிவிட்டு யாரோ செய்துகொண்டிருப்பார்கள். இந்த வருடம் நீங்களே நின்று செய்யுங்கள். பூக்காரரிடம் போங்கள், மேளகாரரோடு கதையுங்கள், பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் உரிக்கப் பிள்ளைகளை இருத்துங்கள். மேளத்தில் கைவைத்துக் குறைக்க வேண்டாம். இணுவிலிலும் அளவெட்டியிலும் வளர்ந்த நாதஸ்வர தவில் மரபு எங்கள் திருவிழாக்களால்தான் உயிரோடு இருக்கிறது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) இந்த வீதிகளில் வாசித்துத்தான் தமிழ்நாடு வரை பேர் எடுத்தார். இரவுத் திருவிழாவில் இரண்டு கூட்டம் மேளம் எதிரெதிரே இருந்து வாசிக்கிற மேளச்சமா அமைந்தால், பிள்ளைகள் நித்திரை விழித்தாலும் பரவாயில்லை, இருத்திவைத்துக் கேட்கச் செய்யுங்கள்.

ஒரு விஷயத்தை மூடி மறைக்க விரும்பவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த மண் இது. இன்றைக்கும் யார் வடம் பிடிக்கலாம், யார் சுவாமி காவலாம் என்று சாதி பார்க்கிற கோயில்கள் சில உண்டு. வெளியில் சொல்ல மாட்டார்கள், நடத்தையில் தெரியும். எல்லாரும் தோள் கொடுக்கிற கோயிலாகப் பார்த்துச் சேருங்கள். உங்கள் உபயக் காசுக்கு அந்த அளவு நிபந்தனை போட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

காசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் காசு வரத் தொடங்கிய பிறகு திருவிழாக்கள் பெருத்துவிட்டன. பக்கத்துக் கோயிலைவிட உயரமான சப்பறம், அதிகமான ஒலிபெருக்கி, நீளமான வாண வேடிக்கை. ஒலிபெருக்கி விடியக் காலையில் தொடங்கினால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் படுக்கையில் இருக்கிற நோயாளிகளும் படுகிற பாடு கொஞ்சமில்லை. நீங்கள் கொடுக்கிற காசை அன்னதானத்துக்கும் மேளத்துக்கும் கொடுங்கள், சனசமூக நிலையத்தின் விளையாட்டு விழாவுக்குக் கொடுங்கள். ஒலிபெருக்கிக்குக் கொடுக்காதீர்கள். இதை எத்தனை தரமும் சொல்வேன்.

நவராத்திரியில் பாடசாலை, கந்தோர், கடை எல்லாவற்றிலும் சரஸ்வதி பூசை. அவலும் கடலையும் கை நிறையக் கிடைக்கும். விஜயதசமியன்று கோயிலில் மானம்பூ, வாழை வெட்டு. ஏடு தொடக்குவதும் அன்றுதான். உங்கள் சின்னவருக்கு இன்னும் தொடக்கவில்லை என்றால் அரிசியில் ‘அ’ எழுதிவைக்க அந்த நாளை விடாதீர்கள்.

தீபாவளி எங்களுக்குப் பொங்கலை விடச் சின்னது. எண்ணெய் முழுக்கு, புதுச்சட்டை, கோயில், பிறகு இறைச்சிச் சாப்பாடு. ஆனால் அந்த இறைச்சி வருகிற விதம் தனி. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அடித்து, சரிசமமாகக் கூறு போட்டு, பங்கு பங்காகக் கொடுப்பார்கள். எல்லாப் பங்கிலும் எலும்பும் ஈரலும் கொழுப்பும் ஒரே அளவில் வரவேண்டும், அதுதான் பங்குபோடுகிறவரின் திறமை. பனையோலையில் கட்டிக் கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். முதற்கிழமையே பெயரைக் கொடுத்து வையுங்கள். போயா, அதாவது பூரணை நாளில் இறைச்சிக்கடை பூட்டு என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் சூரன்போர். பெடியள் சூரனைத் தோளில் காவிக்கொண்டு வீதி முழுக்க ஓடி ஆட்டுவார்கள். ஒவ்வொரு தலையாக மாறி மாறி வரும். மழைக்காலம் என்பதால் சேற்றில் ஆட்டம் இன்னும் கடுமை. சின்னப் பிள்ளைகளை மதிலோரம் நிறுத்துங்கள்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு ஒரு நாள் முன்னரே வாழைக்குற்றி வெட்டிப் படலையடியில் நடுங்கள். சிட்டி விளக்கு சந்தையில் மலிவு. தேங்காயெண்ணெய், முறுக்கின திரி. வீட்டு வாசல், கிணற்றடி, மாட்டுக்கொட்டில், வளவின் நாலு மூலை எல்லாவற்றுக்கும் விளக்கு வைப்பார்கள். கோயில் முன்றலில் சொக்கப்பானை எரியும். இதே கார்த்திகையில், போரில் இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாளான நவம்பர் 27 வரும். இறுதிப்போரில் முள்ளிவாய்க்காலில் இறந்த சனத்தை நினைவுகூரும் மே 18உம் அப்படித்தான்; அதை ஒட்டிய நாள்களில் சந்திகளில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பார்கள். பிள்ளைகளோடு போய் வாங்கிக் குடியுங்கள், ஏன் என்று கேட்டால் வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். இந்த ஊரில் அழுகைக்கும் நாள்கள் குறித்து வைத்திருக்கிறோம். அந்த நாள்களில் பிறந்தநாள் விருந்து, பாட்டுக் கச்சேரி என்று வைத்துவிடாதீர்கள்.

மார்கழியில் திருவெம்பாவை பத்து நாளும் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் வரும். அந்தக் கூட்டத்தோடு ஒரு நாளாவது பிள்ளைகளை எழுப்பி அனுப்புங்கள். அதே மாதத்தில் கரையோர ஊர்களில் பாலன் குடில்களும் நட்சத்திரக் கூடுகளும் எழும்பும். அயலில் வேதக்கார (கிறிஸ்தவ) வீடு இருந்தால் நத்தாருக்குக் கேக் தட்டு வரும். பொங்கலுக்கு நீங்கள் புக்கை கொடுத்துவிடுங்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் யாழ்ப்பாண நகரில் இயேசுவின் திருப்பாடுகளின் நாடகம் மேடையேறினால் கட்டாயம் போங்கள். 1965இல் அருட்தந்தை மரியசேவியர் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அதை ஒரு பெரும் கலையாகவே வளர்த்தது. ஜூன் 13 பாசையூர் அந்தோனியார் திருநாள். நோன்புப் பெருநாளில் யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கம் போனால் 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களைச் சந்திக்கலாம். தெரிந்தவர் ஒருவர் இருந்தால் வட்டிலப்பத்தோடு வரவேற்பு இருக்கும். அந்த உறவைத் திரும்பக் கட்டுகிற வேலை எங்கள் எல்லாருக்கும் இன்னும் மீதி இருக்கிறது.

தைப்பொங்கல்தான் வருடத்தின் உச்சம். ஜனவரி 14 அல்லது 15. முதல் நாளே முற்றத்தைக் கூட்டி மெழுகி, விடியக் காலையில் உலக்கையை நிலத்தில் கிடத்தி அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவிச் சதுரம் போடுவார்கள். கோடு நேராக வரும். நடுவில் மூன்று கல், புதுப்பானை, கழுத்தில் இஞ்சியிலை மஞ்சளிலை. பால் பொங்குகிறபோது வெடி கொளுத்துவார்கள், பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானைக்குள் போட வேண்டும். பிள்ளைகளின் கையைப் பிடித்து நீராவி படாமல் போடச் செய்யுங்கள். வறுத்த பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால், கஜு, முந்திரிகை வற்றல், ஏலம். முதற்படையல் சூரியனுக்கு. அடுத்த நாள் பட்டிப்பொங்கல். மாடு உள்ள வீடு ஒன்றைத் தேடிப்போய் மாட்டைக் குளிப்பாட்டக் கைகொடுங்கள்.

பொங்கலன்று பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் போகாமல் இருக்கவே கூடாது. பட்டத் திருவிழா. உங்களுக்குக் கரையோர வீதியால் கொஞ்சத் தூரம். வாடைக்காற்று நின்று பிடிக்கிற காலம் அது. கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று நாங்கள் ஏற்றுகிற வழக்கமான பட்டங்களோடு, கப்பல், விமானம், அசைகிற உருவங்கள் என்று ஆள் உயரத்தைத் தாண்டிய பட்டங்களும் ஏறும். நாலைந்து பேர் பிடித்து ஓடித்தான் சிலவற்றை எழுப்ப முடியும். மாதக்கணக்காக இரவில் கண்விழித்து மூங்கில் சீவி ஒட்டியவர்கள் ஏறுமா விழுமா என்று நிற்கிற நிமிடம் கடற்கரையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஏறிவிட்டால் எழும்புகிற கூக்குரலில் யாருடைய பட்டம் என்பதெல்லாம் போய்விடும். மார்கழித் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பட்டம் கட்டப் பழக்குங்கள். தெருவில் கட்டத் தெரிந்த ஒரு அண்ணா இருப்பார். விண் பூட்டிய பட்டத்தை இரவில் மரத்தில் கட்டிவிட்டால் விடியும்வரை கூவிக்கொண்டிருக்கும். மின்கம்பிக்குக் கிட்ட மட்டும் ஏற்ற விடாதீர்கள்.

பொங்கல் முடியப் பாடசாலைகளில், மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல மெய்வல்லுநர் போட்டி தொடங்கும். பிள்ளைகள் இங்கே பாடசாலையில் சேர்ந்தால் இல்ல அலங்காரத்துக்குப் பெற்றோர் எல்லாரும் இறங்குவார்கள், ஊரோடு பழக இலகுவான வழி. மார்ச்சில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதுகிற வடக்கின் பெருஞ்சமர், 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி. கிரிக்கெட் தெரியாதவருக்கும் அந்த ஆரவாரம் பிடிக்கும். பங்குனித் திங்கள்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்கு வளவில் அடுப்பு மூட்டிப் பொங்கிப் படைப்பார்கள். பொங்கலோடு கத்தரிக்காய்க் கறி, மட்டுவில் கத்தரிக்காய்க்குத் தனிப் பேர். பானை சட்டி விறகோடு போங்கள்.

சித்திரை வருடப்பிறப்பில் கோயிலில் மருத்துநீர் வாங்கி வந்து தலையில் வைத்து முழுகுவது, பெரியவர்கள் கையால் கைவிசேடம் வாங்குவது எல்லாம் வீட்டோடு. வெளியில்தான் பெரிய கலகலப்பு. தேங்காயோடு தேங்காயை மோதி உடைக்கிற போர்த்தேங்காய் அடிப்பதை எங்காவது நடத்தினால் போய்ப் பாருங்கள். நல்ல தடித்த சிரட்டைத் தேங்காயைத் தேடிப் பெரியவர்கள் ஊர் ஊராகத் திரிவார்கள். சனசமூக நிலைய விளையாட்டு விழாவில் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், கிடுகு பின்னுதல், தேங்காய் துருவுதல், யானைக்குக் கண் வைத்தல் எல்லாம் இருக்கும். நீங்கள் பார்வையாளராக இருக்க வேண்டாம். தேங்காய் துருவப் பெயர் கொடுங்கள். திருவலையில் இருந்து பழக்கமில்லாத கைக்குத் தோல்வி நிச்சயம், ஆனாலும் அன்றைக்கு ஊர்ப் பெண்கள் உங்களோடு சேர்ந்து சிரிப்பார்கள், அடுத்த நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் எல்லாவற்றிலும் எழுத்து வேலைக்கும் கணக்குப் பார்க்கவும் ஆள் தேவை. ஓகஸ்டிலேயே போய்க் கேட்டு வைத்தால் சித்திரைக்குள் நீங்களும் ஒரு ஏற்பாட்டாளராக இருப்பீர்கள்.

கடைசியாக, நயினாதீவு நாகபூசணி அம்மன். ஆனிப் பூரணையை ஒட்டி முடிகிற திருவிழா, இரண்டு கிழமைக்கு மேல் நடக்கும். குறிகட்டுவானில் இருந்து படகு, இறங்கினால் அன்னதானம். கூட்டமான படகில் ஏறாமல் அடுத்ததுக்கு நில்லுங்கள், உயிர்காப்பு அங்கி தந்தால் பிள்ளைகளுக்குக் கட்டாயம் போடுங்கள். நீங்கள் ஜூன் கடைசியில் திரும்புவதாகச் சொன்னீர்கள். பூரணை ஜூலைக்குத் தள்ளிப்போகிற வருடமாக இருந்தால் தேர் உங்களுக்குத் தப்பிவிடும், ஆகவே பயணச்சீட்டு எடுக்க முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஒரு கிழமை பிந்திப் போனால் என்ன, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் செப்டெம்பரில்தானே தொடங்கும்.